காசிமேட்டில் சாயங்காலமா? நிழலைப் பாருங்கள்

சென்னையின் காசிமேடு, ராயபுரம் கடற்கரையில் நடப்பதாகச் சொல்லும் 'சாயங்கால' சினிமாக் காட்சியில் ஆளை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். நிழல் ஊர்ப் பக்கம் நீண்டு விழுந்தால், அது காலையில் எடுத்தது. நமக்குக் கடல் கிழக்கே. மாலை வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும், நிழல் கடலை நோக்கித்தான் நீளும். கடலுக்கு மேலே தாழ்வாகச் சூரியன் நின்றால் கேட்கவே வேண்டாம், விடியல்தான்.

படத்தில் தப்பு இருக்கிறதா என்ற டீக்கடை வாக்குவாதத்துக்கு இதுதான் சரி. ஷாட்டுக்கு ஷாட் டீ அளவு மாறுகிறது என்றால் "அது வேற கிளாஸ்" என்று மழுப்பிவிடுவார்கள். திசையை மழுப்ப முடியாது.

உச்சி வெயிலிலும் மேகமூட்டத்திலும் இது உதவாது. செட், கிராபிக்ஸ் என்றாலும் அப்படித்தான். அப்புறம், கனவுப் பாட்டை விட்டுவிடுங்கள், பாவம்.