தன்னை அறியத் தன் முகத்தை வரைவது எப்படி

நம்மைப் பற்றி நாமே எழுதும் நாட்குறிப்பில் நம் பக்கத்து நியாயமே பெரும்பாலும் நிறைந்துவிடுகிறது, ஏனெனில் சொற்களால் நம்மைக் காத்துக்கொள்ளச் சிறு வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். வரைவதில் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. தாளில் விழுந்த கோட்டையும் கண்ணாடியில் தெரியும் முகத்தையும் அருகருகே வைத்து அளந்துவிடலாம் என்பதால், நாம் எங்கே பார்த்தோம், எங்கே விரும்பியதை வரைந்தோம் என்பது உடனே தெரிந்துவிடும். ஓவியம் கற்றிராதவருக்கும் இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

2பி, 4பி பென்சில்கள், ஏ4 அளவு வரைபுத்தகம், அசையாமல் நிற்கும் கண்ணாடி ஆகியவை போதும். சிங்கப்பூரின் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் பென்சிலும் தாளும் கிடைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தின் கூரை விளக்கு கண்குழிகளில் நிழலைக் கொட்டிவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டுச் சன்னல் ஒரு பக்கமாக இருக்குமாறு அமருங்கள். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். மிக அருகிலிருந்து எடுக்கப்படும் படம் மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, எந்தக் கணத்து முகம் நம் முகம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் நமக்குக் கொடுத்துவிடுகிறது.

தொடங்குமுன் ஒரு சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் தலையின் வெளிக்கோட்டைச் சோப்புத் துண்டால் கண்ணாடியின் மீதே வரைந்து அளந்து பாருங்கள். அது உங்கள் தலையின் அளவில் சரிபாதியாக இருக்கும். பின்னால் நகர்ந்து நின்று வரைந்தாலும் அதே பாதிதான். நாள்தோறும் தலை வாரும்போது கண்ணெதிரே இருந்த ஓர் உண்மை இத்தனை ஆண்டுகள் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்றால், நம் குணத்தைப் பற்றி நாம் உறுதியாக வைத்திருக்கும் கருத்துகளையும் ஒருமுறை அளந்து பார்ப்பது தகும்.

முதல் படத்தை எந்த விதியும் படிக்காமல், ரப்பரைத் தொடாமல், 40 நிமிடங்களில் வரைந்து முடியுங்கள். பிறகு அளவுகோலை எடுத்து உச்சந்தலையிலிருந்து கண்வரையும், கண்ணிலிருந்து தாடைவரையும் அளவெடுங்கள். மனிதத் தலையில் கண்கள் ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன. புதிதாக வரைபவர்கள் பலரும் அவற்றை மேலே ஏற்றி, நெற்றியையும் தலையின் மேற்பகுதியையும் சுருக்கிவிடுகிறார்கள். இது கைப்பிழையன்று. கண், மூக்கு, வாய் ஆகியவை நமக்கு முக்கியமாகத் தோன்றுவதால் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்து, வெறுமையாகத் தோன்றும் நெற்றியின் இடத்தைப் பறித்துக்கொள்கிறோம். கவனம் எங்கே போகிறதோ அது பெரிதாகிறது, கவனிக்காதது சிறுத்துப்போகிறது. மனக்குறைகளையும் புகழையும் நாம் நினைவில் வைத்திருக்கும் விதமும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

முதல் படம் உங்களுக்குப் பிடிக்காது. அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தம் உண்மையான படத்தைவிடச் சற்று அழகூட்டப்பட்ட படத்தையே தம் முகமென்று பங்கேற்றவர்கள் அடையாளம் காண முனைந்தார்கள். ஆகவே அடுத்தடுத்த படங்களில் முகத்தை இளமையாக்கும் ஆசை வரும். அதற்கு எதிராக, வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக்கி, ‘நான் என்னை ஏமாற்றிக்கொள்வதில்லை’ என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் வரும். இரண்டாவது ஆசை நேர்மையின் வேடத்தில் வருவதால் அதையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியை இட்டு, கை எந்த இடத்தில் விரைந்து கடந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நரையா, தழும்பா, இரட்டைத் தாடையா என்பதை மட்டும் எழுதினால் போதும். காரணம் தேடத் தொடங்கினால் மறுபடியும் சொற்களுக்குள் ஒளிந்துகொள்வோம்.

வாரத்திற்கு ஒரு படம் என்று இரண்டு மாதங்கள் தொடருங்கள். எதையும் கிழித்துப் போடாதீர்கள், யாரிடமும் காட்டாதீர்கள். பாராட்டு கிடைத்த படத்தைத் திரும்ப வரையத் தொடங்குவது கற்பவரின் இயல்பு.

இதற்கிடையில் தேசியக் கலைக்கூடத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து 2015இல் திறக்கப்பட்ட அதன் நிரந்தரக் காட்சிகளுக்குச் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. சிங்கப்பூர் ஓவியர் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தீட்டிய தன்னுருவ ஓவியம் அதன் தொகுப்பில் உள்ளது. அது காட்சியில் இருக்கிறதா என்று புறப்படுமுன் கேட்டறியுங்கள். உயரம் 25 சென்டிமீட்டர்கூட இல்லாத சிறு ஓவியம் அது. கணவர் யூஜின் சென் 1944இல் ஷாங்காயில் இறந்த பின்னர் வரைந்தது. இழப்பை விளக்கும் பொருள் எதையும் பக்கத்தில் வைக்காமல் முகத்தை மட்டுமே நம்பியிருக்கிறார். தன்னிரக்கம் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஓர் ஓவியர் எவ்வளவு கட்டுப்பாட்டோடு நிற்க முடியும் என்பதை அதன் முன் நின்று கற்கலாம்.

இரண்டு மாதங்கள் கழித்து, அம்மாவையோ அத்தையையோ அமரச் செய்து வரையுங்கள். அவர்களுடைய கண்களும் மேலே ஏறியிருந்தால் அது பொதுவான பார்வைப் பழக்கம். அவர்களுடைய கழுத்துச் சுருக்கங்களையெல்லாம் பொறுமையாக வரைந்துவிட்டு, உங்கள் படங்களில் மட்டும் கழுத்தை நிழலில் மறைத்திருந்தால், அது நீங்கள் உங்களுக்கென்று வைத்திருக்கும் சலுகை; அடுத்த வாரப் படத்தைக் கழுத்திலிருந்தே தொடங்குங்கள். அவர்களை நெடுநேரம் அசையாமல் இருக்கச் சொல்வது கடினம் என்பதால், வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் பார்க்கும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது வசதி.