ஏழு பேருக்கு ஒரு பழைய வண்டி: ஒன்டாரியோவுக்குக் கிளம்பும் நம்ம மலைக்காரர்களுக்கு

குடும்பத்தோடு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போகிறவர்கள், அங்கே போய் வீடு அமைந்த கையோடு மூன்று வரிசை வண்டி தேட ஆரம்பிப்பார்கள். பிள்ளைகள் மூன்று பேர், ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா, புருஷன் பெண்டாட்டி, ஆக ஏழு பேர். புது வண்டி வாங்கக் கையில் காசு இருக்காது, பழையதுதான் வாங்கியாக வேண்டும். நானும் என் கணவரும் அங்கே பிராம்ப்டன் என்ற ஊரில் பல வருஷம் இருந்துவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்ளக் குன்னூருக்கே திரும்பிவிட்டோம். அருவங்காட்டிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கிளம்புகிறவர்கள், "அக்கா, அங்கே என்ன வண்டி நல்லது?" என்று வந்து கேட்கிறார்கள். போன குளிர்காலத்தில் என் தம்பி வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதை எழுதியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

நம்ம ஊரில் பழைய வண்டி வாங்கும் முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி. புக்கில் யார் பெயர், கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி., இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் என்று பார்ப்போம். அப்புறம் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பர்லியாறு வரை இறங்கித் திரும்ப ஏறுவோம். இறங்கும்போது பிரேக், ஏறும்போது கிளட்ச், காட்டேரி வருவதற்குள் டெம்பரேச்சர் முள். வண்டி தன் ஜாதகத்தை அங்கேயே ஒப்பித்துவிடும். பிராம்ப்டன் பக்கம் அப்படி ஒரு மலைப்பாதை கிடையாது. தட்டையான சாலையில் பத்து நிமிஷம் ஓட்டினால் எந்த வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.

அரசாங்கக் காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனி ஆளிடம் வாங்கினால், யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ் என்ற கட்டு ஒன்றை விற்பவர் உங்களிடம் கொடுத்தாக வேண்டும். சர்வீஸ் ஒன்டாரியோ என்ற அரசு அலுவலகத்தில் 20 டாலருக்குக் கிடைக்கும். அந்த மாகாணத்தில் வண்டி யார் யார் கைமாறியது, அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, சந்தை மதிப்பு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் பாக்கியோடு வாங்கினால் அந்தத் தொல்லையும் வண்டியோடு உங்கள் வீட்டுக்கு வரும். வரி 13 சதவீதம். தனி ஆளிடம் வாங்கும்போது, "விலையைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கொடுத்த விலை, பட்டியலில் உள்ள ஹோல்சேல் விலை (மொத்த வியாபார விலை) இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று மெக்கானிக் கொடுக்கும் சேஃப்டி சர்டிஃபிகேட் 36 நாள் செல்லும், அதற்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். விற்பவர் பெயரும் வண்டிப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாமல், ஏதோ கடை பார்க்கிங்கில் வந்து பாருங்கள் என்றால் அவர் லைசென்ஸ் இல்லாத வியாபாரி. அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் டி.எல். எக்ஸ்ட்ராக்டை, அதாவது உங்கள் லைசென்ஸ் விவரச் சான்றை, கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும் என்று வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைக் கொடுத்து விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். புதிதாகப் போனவர்களுக்கு பிராம்ப்டனில் இன்ஷூரன்ஸ் கட்டுவது ஒரு சின்ன வாடகை கொடுப்பது மாதிரி.

இன்னொன்று, டீலரிடம் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. "ரெண்டு நாள் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்பதற்கு ஒன்டாரியோ சட்டத்தில் இடமில்லை. பலர் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஏழு பேர் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் ஜீப்பில் எத்தனை பேர் ஏறி வந்திருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்றால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் வந்துவிடும். அங்கே ஆளுக்கு ஒரு பெல்ட். மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது. 8 வயதுக்குக் கீழே, 18 முதல் 36 கிலோ எடை, 145 செ.மீ.க்குக் குறைந்த உயரம் என்றால் பூஸ்டர் சீட் கட்டாயம். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் தனி சீட். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெல்ட் போடாவிட்டால் ஓட்டுகிறவருக்குத்தான் அபராதம். நடு வரிசையில் இரண்டு குழந்தை சீட்டை மாட்டிவிட்டால், அந்த சீட்டை மடக்கிப் பின்னால் ஏறும் வழி பல வண்டிகளில் அடைபட்டுவிடும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். சூப்பர் விசாவில் வருகிற பெற்றோர் ஒரு தடவைக்கு 5 வருஷம் வரை தங்கலாம் என்று 2022-இல் மாற்றிவிட்டார்கள். முழங்கால் வலியோடு அம்மா அந்தக் கடைசி வரிசைக்குள் குனிந்து ஏறுவதை ஒரு தரம் நேரில் பார்த்தால், எந்த வண்டி வேண்டாம் என்பது உங்களுக்கே புரியும்.

என்னைக் கேட்டால் மினிவேன்தான் வாங்கச் சொல்வேன். கதவு தள்ளித் திறக்கும், தரை தாழ்வு, கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்த பிறகும் பெட்டி வைக்க இடம் இருக்கும். எஸ்.யூ.வி.யில் ஏழு பேரும் ஏறிவிட்டால் பின்னால் மளிகைப் பைகள் நிற்கும், அவ்வளவுதான். ஏர்போர்ட்டிலிருந்து வரும் பெட்டிகள் நிற்காது. ஆனால் வேன் என்றால் நம்மவர்களுக்கு ட்ராவல்ஸ் வண்டி ஞாபகம் வந்துவிடுகிறது, உயரமாக எஸ்.யூ.வி. வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசையைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

எஸ்.யூ.வி.தான் என்று முடிவானால், மாடலுக்கு மாடல் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழைய ஹோண்டா பைலட் வி6 எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கும். 1,60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றியாக வேண்டும்; மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போய்விடும். 2008 மாடல் முதல் வந்த டொயோட்டா ஹைலேண்டர் வி6-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தச் செலவு இல்லை. 2011 முதல் 2019 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் 3.5 லிட்டர் எஞ்சினின் வாட்டர் பம்ப் எஞ்சினுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பம்ப் ஒழுகினால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஓடோமீட்டர் மைலில் இருந்தால் வண்டி அமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் பழைய கதையைத் தனியாக விசாரியுங்கள்.

இதெல்லாம் யாரும் சொல்வதுதான். எனக்குச் சொல்லித் தராதவொன்று, என் தம்பிக்கும் யாரும் சொல்லித் தராதவொன்று, கடைசி வரிசையின் ஹீட்டர்.

தம்பி ஜூன் மாதம் வாங்கினான். நல்ல வெயில். டீலர் கடையில் வண்டி பளபளவென்று இருந்தது, ஏ.சி. மூன்று வரிசைக்கும் ஜில்லென்று வந்தது, வண்டியின் பழைய கதையைச் சொல்லும் ரிப்போர்ட்டில் விபத்து எதுவும் இல்லை, சேஃப்டி சர்டிஃபிகேட்டும் கையில். ஜூன் மாதத்தில் யார் ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பார்கள்? அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளிருக்கு அசராதவர். தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையிலும் மஃப்ளர் மட்டும் சுற்றிக்கொண்டு நடக்கப் போகிறவர். டிசம்பரில் ஒரு நாள், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, பெரிய பேத்தியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து ஸ்கார்பரோ வரை போயிருக்கிறார். முன்னால் தம்பி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறான். பின்னால் குழந்தை ஷூவைக் கழற்றிவிட்டுத் தன் இரண்டு காலையும் தாத்தாவின் கோட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது அவருக்குக் கால் மரத்துப் போய் நிற்க முடியவில்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

மெக்கானிக் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டினார். தம்பி வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். பின்வரிசைக்குத் தனி ஹீட்டர் உள்ள வண்டிகளில், எஞ்சினில் சூடாகும் கூலன்ட் இரண்டு உலோகக் குழாய் வழியாக வண்டியின் அடிவயிற்றோடு பின்சக்கரம் வரை போய்த் திரும்பும். பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அந்தக் குழாய்களை வருஷக்கணக்காகத் தின்னும். ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஒழுகி எஞ்சின் சூடேறும். ஒழுங்காகச் செய்வதென்றால் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும், செலவு அதிகம். அதனால் முன்பக்கத்திலேயே குழாயை வெட்டி, ரப்பர் ஹோஸின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி அடைத்திருந்தார்கள். போல்ட்டின் தலை புதுசாக மின்னியது. அதைச் சுற்றிக் கறுப்பு ஸ்ப்ரே. முன் இருக்கைக்குச் சூடு வரும், எஞ்சின் சூடேறாது, பின்னால் வெறும் குளிர்காற்றுதான் வரும். சேஃப்டி சர்டிஃபிகேட் பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு மாதிரியானவற்றைப் பார்ப்பதற்கு. கடைசி வரிசையில் குழந்தைக்குச் சூடு வருகிறதா என்பது அதன் கணக்கில் வராது.

குழாய் மாற்ற 2,800 டாலர் கேட்டார்கள். தம்பி கொடுத்தான், வேறு வழியில்லை. டீலரிடம் போனால், "ஹீட்டர் வேலை செய்கிறதே, முன்னால் பாருங்கள்" என்றாராம். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. தன் இரண்டு பிள்ளைகளின் படத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிற மனுஷன், குழந்தை சீட்டோடு வந்து நிற்கிற குடும்பத்துக்கு அந்த வண்டியை விற்றிருக்கிறார்.

ஆகவே எந்த மாதத்தில் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். முதலில் அந்த மாடலில் பின்வரிசைக்குத் தனி ஹீட்டர் உண்டா, இல்லை முன்னாலிருந்து காற்று மட்டும்தான் போகிறதா என்று மேனுவலில் பாருங்கள். இரண்டாவது வகையில் அடைக்கக் குழாயும் இல்லை, பெரிய சூடும் இருக்காது. ஹீட்டர் உண்டு என்றால் எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை, இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள். முன், பின் இரண்டையும் உச்ச சூட்டில் வையுங்கள். ஜூலை வெயிலாக இருந்தாலும் சரி, விற்பவர் சிரித்தாலும் சரி. ஒருவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து காலடியில் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுடச்சுட வர வேண்டும், வெதுவெதுப்பு போதாது. பிறகு ஏ.சி.யைப் போட்டு மேலே கூரையில் உள்ள துளைகளையும் அப்படியே பாருங்கள், பின் ஏ.சி.க்குப் போகும் குழாய்களும் அதே அடிவயிற்றில், அதே உப்பில் கிடப்பவைதான். குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் ஏ.சி.யில் ஏமாறுவார்கள்.

அடுத்து, உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். நூறு, இருநூறு டாலர் ஆகும். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். நம்ம ஊரில் மழையிலும் மூடுபனியிலும் துரு பிடிக்கும். கதவின் கீழ் விளிம்பில், வீல் ஆர்ச்சில் கண்ணுக்குத் தெரியும். அங்கே அடியிலிருந்து பிடிக்கும், மேலே பெயின்ட் புதுசாகவே இருக்கும். பழைய வண்டியின் அடியில் புதுக் கறுப்பு பூச்சு மொழுமொழுவென்று இருந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் ஓரங்களில் காய்ந்துபோன பச்சை, இளஞ்சிவப்புக் கறை இருந்தால் கூலன்ட் ஒழுகியிருக்கிறது. எல்லாம் சரி என்று டீலர் சொன்னால், "பின் ஹீட்டர், பின் ஏ.சி. இரண்டும் வேலை செய்கின்றன" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறாரா என்பதிலேயே பதில் தெரிந்துவிடும்.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஆல் வீல் டிரைவ் வேண்டுமா என்று கேட்பீர்கள். இருந்தால் நல்லது, ஆனால் அதற்குக் கொடுக்கும் காசில் முதலில் நான்கு விண்டர் டயர் வாங்குங்கள்; இன்ஷூரன்ஸிலும் அதற்குக் கழிவு உண்டு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இறங்கிப் பழகிய கைகள் நம்முடையவை. மூடுபனியில் எதிரே வரும் லாரியின் விளக்கைப் பார்த்தே வளைவைக் கணக்குப் போடுகிறவர்கள் நாம். பனியில் பதற்றப்படாமல் ஓட்ட அந்தப் பழக்கம் நிஜமாகவே கைகொடுக்கும், நான் அனுபவித்திருக்கிறேன். ஆனால் வழுக்கும் ஐஸில் டயர் பிடிக்கவில்லையென்றால் எந்த மலைக்காரராலும் நிறுத்த முடியாது. விற்பவரிடம் விண்டர் டயர் செட் இருந்தால் ரிம்மோடு சேர்த்துக் கேளுங்கள், தயாரித்த வருஷத்தை டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் வருஷம்.

வாங்கிய பிறகு ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்துக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில், அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள். அந்த ஹீட்டர் குழாய்களின் மேலும் படும்படி அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடித்த பிறகு ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து வையுங்கள்.