65ஆ, 67ஆ? விமானிகளின் வயது வரம்பு பற்றி வாதாடப் போகிறவருக்கு

விமானிகளின் ஓய்வு வயதை 65இலிருந்து 67ஆக உயர்த்தலாமா என்று கட்டுரை எழுதவோ மேடையில் பேசவோ உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். "உலகம் முழுக்க விமானிகள் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை.

அதனால் முதலில் விதியைச் சரியாக எடுத்து வையுங்கள். ஐகாவோ என்னும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் இருப்பது இது: நாடு விட்டு நாடு வணிகரீதியில் பறக்கும் விமானத்தை ஒரே விமானி ஓட்டினால் 60, ஒருவருக்கு மேல் இருந்தால் 65. சரக்கு விமானமும் இதில் அடக்கம். உள்நாட்டுச் சேவைக்கு அந்தந்த நாடு தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்நாட்டில் மேல் வரம்பே கிடையாது. ஜப்பான் 2015இல் 68ஆம் பிறந்தநாள் வரை நீட்டித்தது. அமெரிக்காவும் இந்தியாவும் 65இலேயே நிற்கின்றன. ஒரு நிறுவனம் 58இலோ 60இலோ பணி ஓய்வு கொடுத்தால் அது சம்பளப் பட்டியல் விவகாரம். உரிமத்தின் வரம்பு அதுவல்ல.

நம் ஊர்ப் பேச்சில் '65 நடக்கிறது' வேறு, '65 முடிந்தது' வேறு. விதி பார்ப்பது 65ஆம் பிறந்தநாளை. அதற்கு முந்தைய நாளோடு சரி. பணி அட்டவணை போடுபவர் நள்ளிரவைத் தாண்டிப் பிறந்தநாளுக்குள் நுழையும் விமானத்தை அந்த விமானிக்குக் கொடுக்கக் கூடாது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 60 என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து மட்டும் பிறந்ததல்ல. 1959இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் தலைவர் கெசாடாவுக்கு இது பற்றிக் கடிதம் எழுதினார். 1960 மார்ச்சில் அமெரிக்காவில் 60 வயது விதி நடைமுறைக்கு வந்தது. பதவி விட்டபின் கெசாடா அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். இது விதி தவறு என்பதற்குச் சான்றல்ல, ஆனால் 'அறிவியல் சொன்ன எண்' என்று யாராவது மேசையைத் தட்டினால் எடுத்து நீட்டலாம். ஐகாவோ 2006இல் 65 ஆக்கியபோது, ஒருவர் 60ஐத் தாண்டினால் மற்றவர் 60க்குள் இருக்க வேண்டும் என்றது. 2014இல் அந்த நிபந்தனையும் போயிற்று.

அடுத்தது கணக்கு. இதைப் போடாமல் பேசுவது வெறும் அபிப்பிராயம். விமான மருத்துவத்தில் '1 சதவீத விதி' என்பார்கள்: ஒரு விமானி ஓராண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குள் இருந்தால் இருவர் ஓட்டும் விமானத்தில் அனுமதிக்கலாம். எப்படி வருகிறது?

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். தோராயமாக 10,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்றால் 10 லட்சம் மணிக்கு ஒருமுறை. இனி, செயலிழப்பு ஆபத்தாவது புறப்படும்போதும் இறங்கும்போதும்தான். ஒரு மணிப் பயணத்தில் அது சுமார் 6 நிமிடம், பத்தில் ஒரு பங்கு. ஆக 1 கோடி மணிக்கு ஒருமுறை. அந்த நேரத்திலும் பக்கத்தில் இருப்பவர் விமானத்தைக் கையில் எடுத்துவிடுவார். நூறில் ஒருமுறை தவறலாம் என்று வைத்தால் 100 கோடி மணிக்கு ஒரு விபத்து. இலக்கும் அதுதான்.

இந்தக் கணக்கில் வயது எங்கே வருகிறது? முதல் படியில் மட்டும். எனவே 67 வேண்டாம் என்பவர், 65க்கு மேல் ஆண்டுக்கு 1 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று காட்ட வேண்டும். வேண்டும் என்பவர், இரண்டாவது விமானியை நம்பித்தான் கணக்கு நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2009 ஜூனில் பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவார்க் போன விமானத்தில் 60 வயது கேப்டன் நடுவானில் இறந்தார். மற்ற விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள். இரு தரப்பும் இதைத் தனக்கென்று சொல்லும். உண்மையில் அது காட்டுவது கடைசிப் படியை.

புள்ளிவிவரம் எடுக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பொதுமக்களின் மாரடைப்பு விகிதத்தை விமானிக்கு ஒட்டவைப்பது. 60 தாண்டியவருக்கு 6 மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. தேறாதவர் ஏற்கெனவே வெளியேறியிருப்பார். மிஞ்சியவர்கள் வடிகட்டிய கூட்டம். இன்னொன்று, பறந்த மணிக்கு விபத்து எத்தனை என்று மூத்தவரையும் இளையவரையும் ஒப்பிடுவது. மூத்த கேப்டன்கள் நீண்ட தூரப் பயணங்களை எடுப்பார்கள். 12 மணி நேரத்துக்கு ஒரே ஒரு தரையிறக்கம். உள்ளூரில் பறப்பவர் அதே நேரத்தில் ஏழெட்டுமுறை இறக்குவார். விபத்து தரையிறக்கத்தில் குவிவதால், தரையிறக்கக் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

இதயத்தோடு வாதத்தை நிறுத்திவிடவும் கூடாது. நினைவாற்றல், எதிர்வினை வேகம் ஆகியவற்றின் மெல்லிய தேய்மானத்தை ஈசிஜி காட்டாது. அதற்குப் பிடிமானம் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் திறன் சோதனைதான். அது போதுமா என்பதே நியாயமான கேள்வி.

கடைசியாக, அதிகம் பேசப்படாத பணம். அமெரிக்கா தனியாக 67 ஆக்கினால் 66 வயது கேப்டன் பாரிஸுக்குப் பறக்க முடியாது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் 40ஆவது பிரிவுப்படி, சர்வதேசத் தரத்துக்குக் குறைந்தது என்று குறிப்பிட்ட உரிமம் வைத்திருப்பவர், நுழையும் நாடு அனுமதித்தால்தான் பறக்கலாம். ஆகவே நீண்ட தூரப் போயிங் 777 ஓட்டியவர், உள்நாட்டில் பறக்கும் சிறிய 737க்கு இறங்குவார். சீனியாரிட்டி இருப்பதால் அங்கே ஒருவரைத் தள்ளுவார். அவர் இன்னொருவரைத் தள்ளுவார். ஒவ்வொருவருக்கும் புது சிமுலேட்டர் பயிற்சி. 67ஐ எதிர்த்த ஆல்பா என்னும் விமானிகள் சங்கத்தின் வலுவான வாதம் இதுவே. சிறு நகரங்களுக்குப் பறக்கும் பிராந்திய நிறுவனங்களோ விமானிப் பற்றாக்குறையைச் சொல்லி 67ஐ ஆதரித்தன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 67க்குச் சம்மதித்தும், 2024 மே மாதச் சட்டத்தில் 65 அப்படியே நின்றது. 2025இல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா, இருவரில் ஒருவர் 65க்குள் இருந்தால் 67 என்று கேட்டதையும் ஐகாவோ பேரவை ஏற்கவில்லை. உங்கள் வாதம் 67 என்றால், ஒரு நாட்டுக்கா, ஐகாவோவுக்கா என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.