நாடகம் படிக்கச் சேர்கிறவர்களுக்கு: ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு ராத்திரிக் கூத்து

போன வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். பி.காம். கடைசி வருடம். “அக்கா, பாண்டிச்சேரியில் நாடகத்துக்கே டிகிரி இருக்காமே, சேர்ந்தால் நடிக்க வாய்ப்பு வருமா?” என்று கேட்டான். நானும் அதே ஆசையோடுதான் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். இன்று என் பிழைப்பு மேடைக்கு விளக்கு அமைப்பது. அவனிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடிக்க வருகிறவர் மேடையின் மற்ற வேலைகளிலும் கை வைக்க வேண்டும், அதற்கு எப்படித் தயாராவது என்பதுதான் இதில் பெரும்பகுதி.

முதலில் எங்கே படிப்பது என்று பார்ப்போம். புதுவையில் இருப்பது இரண்டு வருட முதுகலைப் படிப்பு. 1980களின் இறுதியில் பழைய தமிழ் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நாடகப் பள்ளி அது. தொடக்கத்தில் அதை வளர்த்தெடுத்தவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. சுவாமிகள் 1922இல் காலமானதும் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது, சேர்ந்ததும் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வாருங்கள். மலையாளம் காதில் ஏறும் என்றால் திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது, 1977இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கியது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடம். அங்கே போக இந்தி பழக வேண்டும், அதற்கு முன்பே சில நாடகங்களில் வேலை செய்திருக்கவும் வேண்டும்.

புதுவைக்கு க்யூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டம் முடித்த பிறகு மே, ஜூனில் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அண்மை வருடங்களில் தேர்வு மார்ச்சிலேயே நடந்துவிடுகிறது, விண்ணப்பம் அதற்கும் இரண்டு மூன்று மாதம் முன்னால். அதனால் கடைசி வருட டிசம்பரிலிருந்தே கண் வைத்திருங்கள். மொத்தம் 75 கேள்வி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழிப்பார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நான்கு அபிநயங்கள் (நடிப்பு வகைகள்), சமஸ்கிருத நாடகாசிரியர்கள் பாசன், காளிதாசன், சூத்ரகன், கூடியாட்டம் யட்சகானம் போன்றவை எந்த ஊர்க் கலை, நடிப்பு முறைகளை வகுத்த ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் ஜெர்மனியின் பிரெக்டும் எதில் வேறுபடுகிறார்கள், இந்த மாதிரி விஷயங்களைப் படியுங்கள். நான் ஒரு இந்திய வரைபடத்தை வாங்கி, ஒவ்வொரு மாநிலத்தின் மேலும் அதன் கூத்து வகையை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பார்த்துப் பார்த்தே மனதில் பதிந்துவிட்டது.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்களில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, விடிய விடிய ஒரு தெருக்கூத்து பார்ப்பது. வடமாவட்டங்களில் பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். செய்யாறு பக்கம் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர். எங்கே போனாலும் கூத்து தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள், அரிதாரம் போடும் நேரத்துக்கே போய்விடுங்கள். குழுவை நடத்தும் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்காருங்கள். அப்புறம், வேடம் கூத்தாடும் இடமான களரிக்கு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் குரல் கேட்கும், கீழே சலங்கைக் கால் தெரியும், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே எட்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். ஆள் முழுசாகத் தெரிவதற்குள் நமக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். ஒரு பாத்திரத்தின் வருகையை எப்படி ஏற்றுவது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வகுப்பில் எழுத்துப் பாடங்கள் நிறைய இருக்கும். அவற்றைப் பரீட்சைக்காக மட்டும் படித்தால் கையில் ஒன்றும் தங்காது. நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆடல் அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்றுகாதையில் மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். விடுதி மொட்டை மாடியில் என் கட்டைவிரலையே அளவாக வைத்து, 24 தடவை பக்கத்தில் பக்கத்தில் பதித்து ஒரு மூங்கில் குச்சியை வெட்டினேன். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்தக் குச்சியால் அளந்து சாக்பீஸில் கோடு போட்டால் ஏறக்குறைய 11 அடிக்குப் பன்னிரண்டரை அடி. நன்றாக வளர்ந்த ஆணின் விரல் என்றால் கொஞ்சம் கூடும். உள்ளே நின்று ஒரு சுற்று ஆடிப் பார்த்தேன். ஒருத்தி ஆட அளவான இடம். முன்வரிசையில் இருப்பவருக்கு அவள் புருவம் அசைவதுகூடத் தெரியும். அதே பகுதியில் இன்னொன்றும் வருகிறது: தூண்களின் நிழல் மேடையிலும் அவையிலும் விழாதபடி விளக்கை வைக்க வேண்டுமாம். அந்த இடத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடைக்கு விளக்கு வைக்கும் வேலைக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறதே என்று அழுகையே வந்துவிட்டது. விளக்குப் பக்கம் நான் திரும்பியது அன்றைக்குத்தான்.

சரி, தயாரிப்பு வேலைக்கு வருவோம். உங்களுக்குப் பாத்திரம் கிடைக்காத நாடகங்களிலும் பெயர் கொடுங்கள். உடை, அரங்கப் பொருள், விளக்கு, ஸ்டேஜ் மேனேஜர் என்று எது காலியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு ஒரு நோட்டு வேண்டும். வலது பக்கம் நாடகப் பிரதி, இடது பக்கம் வெற்றுத்தாள். யார் எந்தப் பக்கம் நுழைகிறார், எந்த வசனத்தில் விளக்கு மாறுகிறது, பாட்டு எப்போது, எல்லாம் பென்சிலில் இடது பக்கம். ஒத்திகையில் தினமும் மாறும் என்பதால் பேனா வேண்டாம். டார்ச்சின் முகத்தில் விளக்குக்கு நிறம் கொடுக்கும் நீல ஜெல் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், மேடை ஓரத்து மறைவான சைடு விங்கில் நோட்டைப் பார்க்கும்போது வெளிச்சம் மேடைக்குச் சிந்தாது.

படித்து முடித்த பிறகு ஒரு குழுவுக்கு விளக்குப் போட்டேன். கிழவர் இறக்கும் காட்சி. கடைசி வசனத்தைக் கேட்டதும் இருட்டாக்க வேண்டும் என்று வசனத்தை மட்டும் குறித்திருந்தேன். அன்றைக்கு அவர் அந்த வரியை விட்டுவிட்டுச் சாய்ந்துவிட்டார். நான் வரிக்காகக் காத்திருந்தேன். அவர் முழு வெளிச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். அரை நிமிடம் இருக்கும். நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் வசனத்தோடு ஓர் அசைவையும் எழுதுகிறேன்: “கை தரையில் விழுந்ததும்” என்று.

விளக்கைத் தொடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஹாலோஜன் பல்பை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி போட்டிருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். கீழே நிற்பது உங்கள் நண்பர்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் என்று இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது. நாடகமும் நாட்டார் கலைகளும் அதில் உண்டு. கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தால், அதற்கான தகுதித் தேர்வான நெட்டில் நடனம், நாடகம், அரங்கத்துக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பள்ளிகளில் நாடகம் சொல்லித்தருகிறவர்கள், உடை வடிவமைப்பவர்கள், டப்பிங் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சினிமாவுக்குப் போனவர்களும் உண்டு, அவர்களும் இடைவெளியில் வேறு வேலை செய்துதான் வாடகை கட்டுகிறார்கள்.

தம்பிக்குப் பரீட்சை முடிகிற வாரம் அவன் ஊருக்குப் பக்கத்தில், பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர் கூத்து இருக்கிறது. எட்டு மணிக்கே அரிதாரம் போட உட்கார்ந்துவிடுவார்கள், ஏழரைக்கெல்லாம் வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். கோயில் வாசலில் நானும் இருப்பேன்.