முக நரம்பு வலி: ஆபரேஷன் பலிக்குமா என்று எம்ஆர்ஐ-யில் பார்ப்பது எப்படி

"ரத்தக்குழாய் நரம்பைத் தொடுகிறது" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் போதும், அந்தக் குழாயை விலக்கிவைக்கும் ஆபரேஷன் செய்தால் முக வலி போய்விடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பின் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர் நான். அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள். வலியே இல்லாதவர்களின் படங்களிலும் இப்படித் தொடுவது சகஜம்.

முதலில், எடுத்த படம் இதற்கு ஏற்றதா என்று கேளுங்கள். நரம்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். தலைக்கு எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ போதாது. சிஸ் அல்லது ஃபியஸ்டா எனப்படும் முப்பரிமாணப் படம், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாக வேண்டும். குழாய் தமனியா சிரையா என்று பிரித்தறிய, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ படமும் வேண்டும். கட்டியோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு உறையைப் பாதிக்கும் நோயின் தழும்போ தெரிந்தால் சிகிச்சைத் திட்டமே மாறிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம்: குழாய் நரம்பை என்ன செய்திருக்கிறது? சும்மா தொடுகிறதா, தள்ளி வளைத்திருக்கிறதா, நசுக்கி மெலிய வைத்திருக்கிறதா? வலி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமலே இரண்டு பக்கத்தையும் முதலில் ஒப்பிட்டுவிடுவேன். தெரிந்துவிட்டால் கண் அந்தப் பக்கமே குற்றம் தேடும். 2018-இல் வந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாடும் வெறும் தொடுதலைக் கணக்கில் எடுப்பதில்லை. நரம்பின் வடிவம் மாறியிருக்க வேண்டும் என்கிறது.

மேல் சிறுமூளைத் தமனி, நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் இடத்திலேயே அதை அழுத்தி மெலிய வைத்திருக்கிறது. வலியும் ஷாக் அடித்ததுபோல் விட்டுவிட்டு வருகிறது. இப்படி இருந்தால் குழாயை விலக்கிவைக்கும் ஆபரேஷனுக்கு நல்ல பலன் எதிர்பார்க்கலாம். அழுத்துவது சிரை, அல்லது தொடுதல் மட்டுமே, வலியும் நாள் முழுக்க எரிச்சலாகவே இருக்கிறது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். காமா நைஃப் எனப்படும் கதிர்வீச்சு சிகிச்சை போன்ற மற்ற வழிகளையும் கேளுங்கள்.

1996-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் மாத்திரை இல்லாமலே வலியின்றி இருந்தார்கள். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உறுதிமொழி தராது. படத்தில் பிடிபடாத சிறு சிரை ஆபரேஷனில் தென்படுவதும் உண்டு.

சர்ஜனைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாதீர்கள், படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள். அவரே திரையில் போட்டு இரண்டு பக்கமும் காட்டச் சொல்லுங்கள்.