இது பி.எஃப். இல்லை: பிரிட்டன் ஓய்வூதியத்தில் ஊர் திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஏழெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “அங்கே மாசாமாசம் நேஷனல் இன்சூரன்ஸ் பிடிச்சாங்களே, அதை எப்போ எடுக்கலாம்?”

எடுக்க முடியாது. நேஷனல் இன்சூரன்ஸ் என்பது அரசு ஓய்வூதியம் முதலானவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை. நம் பி.எஃப். போல உங்கள் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு வட்டி, வேலையை விட்டதும் படிவம் போட்டு எடுத்துக்கொள்ளும் தொகை என்று எதுவும் அங்கே இல்லை. உங்களிடம் பிடித்த பணம் அப்போதைய ஓய்வூதியர்களுக்கே போய்விட்டது. உங்கள் பெயரில் மிஞ்சியிருப்பது நீங்கள் கட்டிய ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும்தான். பெரும்பாலான தவறுகள் இதைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. நானும் ஊர் திரும்பி நாலு வருடம் கழித்துத்தான் என் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவைத் திறந்து பார்த்தேன், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

கணக்கு இதுதான். 2016 ஏப்ரலில் வந்த புதிய விதிப்படி, முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் வேண்டும். 2026-27இல் முழுத் தொகை வாரம் 241.30 பவுண்ட். அப்படியானால் ஓர் ஆண்டின் மதிப்பு வாரம் சுமார் 6.89 பவுண்ட்.

ஒன்பது ஆண்டு இருந்தால் ஒன்பது பங்கு கிடைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. குறைந்தபட்சம் 10 ஆண்டு இல்லையென்றால் ஒரு காசு கிடையாது. பத்தாவது ஆண்டு சேர்ந்ததும் வாரம் ஏறக்குறைய 69 பவுண்ட். மற்ற ஆண்டுகள் ஆளுக்கு 6.89 தர, பத்தாவது மட்டும் பூட்டையே திறந்துவிடுகிறது. ஒன்பதரை ஆண்டில் மூட்டை கட்டுபவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன் தங்கள் பதிவை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆண்டு என்பது அங்கே ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. பன்னிரண்டு மாதமும் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025-26இல் நேஷனல் இன்சூரன்ஸுக்கு உட்பட்ட சம்பளம் 6,500 பவுண்டைத் தொட்டிருந்தாலே சம்பளக்காரருக்கு அந்த ஆண்டு கணக்கில் சேரும். நல்ல சம்பளத்தில் இருந்து செப்டம்பரில் கிளம்பியவருக்கு அந்த ஆண்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். சிலருக்கு ஓரிரு வாரம் மட்டும் குறைந்து நிற்கும். அந்த வாரங்களுக்கு மட்டும் பிறகு நாமே விருப்பப்பட்டுக் கட்டினால் போதும், முழு ஆண்டுத் தொகை தேவையில்லை. இருப்பதிலேயே மலிவாக வாங்கக்கூடிய ஆண்டு அதுதான்.

விதி மாறியது தெரியாமல் கணக்குப் போடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு விருப்பப்பட்டுக் கட்டும் தொகையில் இரண்டு வகை இருந்தன: கிளாஸ் 2, கிளாஸ் 3. பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் அங்கே வேலையில் இருந்து, இப்போது வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவருக்குக் கிளாஸ் 2. 2025-26இல் அது வாரம் வெறும் 3.50 பவுண்ட், வருடத்துக்கு 182. வேலை பார்க்காதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கிளாஸ் 3, வாரம் 17.75, வருடத்துக்கு 923. ஓய்வூதியப் பலன் இரண்டுக்கும் ஒன்றே. மூன்று ஆண்டு தொடர்ந்து பிரிட்டனில் வசித்திருந்தாலோ மூன்று ஆண்டு கட்டியிருந்தாலோ இந்தக் கதவு திறந்திருந்தது.

2026 ஏப்ரல் 6 முதல், அதன் பிறகான ஆண்டுகளுக்கு, வெளிநாட்டில் இருப்பவர் கிளாஸ் 2 கட்ட முடியாது. கிளாஸ் 3 கட்டுவதற்கும், புதிதாக விண்ணப்பிப்பவர் மூன்றுக்குப் பதில் பத்து ஆண்டு காட்ட வேண்டும். பழைய கட்டுரையையோ நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் தகவலையோ நம்பி “வருஷத்துக்கு 182 பவுண்ட் கட்டி 35ஐயும் நிரப்பிடலாம்” என்று திட்டம் போட்டவர்களின் கணக்கு இங்கேதான் உடைகிறது.

ஆனால் முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய விதியே. ஏழு ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2021 மார்ச்சில் கோயம்புத்தூர் திரும்பி, இங்கேயும் வேலையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டு அவருக்குக் காலியாகக் கிடக்கிறது. அதில் மூன்றை நிரப்பினாலே பத்தைத் தொட்டுவிடுவார். “விதி மாறிடுச்சாம், இனி ஒண்ணும் நடக்காது” என்று அவர் கையைக் கழுவிவிட்டால் அதுவும் தவறுதான்.

காலக்கெடு பொதுவாக ஆறு ஆண்டு. 2020-21க்கான தொகையை 2027 ஏப்ரல் 5க்குள் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு அந்த ஆண்டு போனது போனதுதான். 2006 வரை பின்னோக்கிக் கட்டலாம் என்ற சலுகை 2025 ஏப்ரல் 5ஆம் தேதியே முடிந்துவிட்டது. தள்ளிப்போட்டால் விலையும் ஏறும்: இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதற்குக் கிளாஸ் 3 கட்டினால் அந்த ஆண்டின் விலை இல்லை, இன்றைய விலை. இப்போது அது வாரம் 18.40.

விண்ணப்பம் சி.எஃப்.83 என்ற படிவத்தில். இலவசம். அதை நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பெரிய கட்டணமும் கமிஷனும் கேட்பவர்கள் உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், நான் கொடுக்க மாட்டேன். கிளம்பும் முன் என்ன வேலை பார்த்தீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்ற பகுதியை அரைகுறையாக விடாதீர்கள். மலிவான வகைக்குத் தகுதி உண்டா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பணம் அனுப்பும்போது அவர்கள் தரும் 18 இலக்க எண்ணைக் குறிப்பிட மறந்தால், பணம் போய்ச் சேரும், உங்கள் பெயரில் சேராது.

பாராமலே கட்டுவது

கட்டுவதற்கு முன் ஓய்வூதிய மதிப்பீட்டைப் பாருங்கள். பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பல வருடம் பணியாற்றிய நம் டாக்டர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2016க்கு முன் என்.எச்.எஸ். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்கள் குறைந்த விகிதத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர்கள். அதற்கு ஈடாக அவர்களுடைய அரசு ஓய்வூதியத்தில் ஒரு கழிவு உண்டு. அவர்களுக்கு 35 ஆண்டு இருந்தும் முழுத் தொகை வராமல் போகலாம். ஏற்கெனவே முழுத் தொகையை எட்டியவர் மேலும் கட்டினால் ஓய்வூதியம் ஒரு பென்னிகூட ஏறாது.

இலவசமாக வந்த ஆண்டுகளையும் பாருங்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்காக அரசு தரும் சைல்டு பெனிஃபிட் உதவித்தொகை வாங்கிய பெற்றோருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் சேரும். கணவர் பெயரில் வாங்கி, வீட்டில் இருந்த மனைவியின் பதிவு காலியாகக் கிடந்தால், அதை மனைவிக்கு மாற்றக் கேட்கலாம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ சில ஆண்டு இருந்துவிட்டு லண்டன் வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பத்து ஆண்டு நிபந்தனையைத் தாண்ட அந்த நாட்டு ஆண்டுகள் கைகொடுக்கும். ஆனால் பிரிட்டன் தருவது பிரிட்டனில் சேர்த்த ஆண்டுகளுக்கு மட்டுமே. இந்தியாவில் கட்டிய பி.எஃப்.புக்கு இந்த வசதி இல்லை.

எங்கே முதுமை என்று யோசிக்காதது

பலரும் எத்தனை ஆண்டு என்பதையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாட்டில் உட்கார்ந்து வாங்கப்போகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். பிரிட்டனில் ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் வாழ்பவர்களுக்கும் ஏறும். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் ஏறாது. முதல் நாள் என்ன தொகையோ அதுவே கடைசி வரை.

2016இல் முழுத் தொகை 155.65 பவுண்ட். அந்த ஆண்டு நியூயார்க்கில் இருந்து முழு ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவருக்கு இப்போது 241.30 வருகிறது. அதே நாள் டொராண்டோவில் தொடங்கியவருக்கு இன்றும் 155.65தான். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருந்தாலும் அதே கதை. எல்லாரும் ஒரே மாதிரி கட்டியவர்கள். இது நியாயமா என்றால், என் பார்வையில் இல்லை. ஆனால் இன்றைய விதி அது. பிரிட்டனுக்கு விருந்தாளியாகப் போய்த் தங்கும் வாரங்களுக்கு மட்டும் ஏறிய தொகையைக் கேட்டு வாங்கலாம், திரும்பியதும் பழையபடி. அங்கேயே குடிபெயர்ந்தால் ஏறிய தொகையே தொடரும்.

ஆகவே கட்டுவதா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கும்போது, ஊரில் இருக்கப்போகிறவர் தொகை ஏறாது என்று வைத்தே பார்க்கட்டும். அப்படிப் பார்த்தாலும் மோசமில்லை: பத்தைத் தாண்டியவருக்குக் கிளாஸ் 3இல் ஓர் ஆண்டு சுமார் 957 பவுண்ட், அது வருடத்துக்குச் சுமார் 358 பவுண்ட் தரும். மூன்று ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும்.

தானாக வரும் என்று காத்திருப்பது

வராது. விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வூதிய வயது 66இலிருந்து 2028க்குள் 67 ஆகிறது. அந்த வயதை எட்ட நான்கு மாதம் இருக்கும்போதே பிரிட்டன் அரசின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்கு எழுதலாம். பழைய முகவரியையே விட்டு வைத்தால் கடிதம் எல்லாம் காலி செய்த ஃபிளாட்டுக்குப் போகும்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. உயிரோடு இருப்பதாகச் சான்று கேட்டு அவ்வப்போது ஒரு படிவம் தபாலில் வரும். அதைத் திருப்பி அனுப்பவில்லை என்றால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு யாரைப் பிடிப்பது என்று பலர் அதை மேசையிலேயே போட்டு வைக்கிறார்கள். சாட்சி பிரிட்டனில் வசிக்க வேண்டியதில்லை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் தேவையில்லை. உங்களைத் தெரிந்த பக்கத்துத் தெரு டாக்டரே போடலாம்.