பழைய வீட்டைப் படமெடுக்க இரண்டு தரம் போங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் திண்ணை வைத்த பழைய வீடொன்றைக் கண்டதும் போனைத் தூக்க வேண்டாம். படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். முதல் நாள் கதைக்கு, மறுநாள் படத்துக்கு. எதை எடுக்க வேண்டும் என்பதே கதை கேட்ட பிறகுதான் தெரியும்.

1. யாரிடம் கேட்பது

மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். ஆகவே வாசலில் வந்து கதைக்கிற ஐயாவோடு நிறுத்தாமல் வீட்டுக்காரம்மாவையும் அவவின் தாயையும் கேளுங்கள். "எப்ப கட்டின வீடு?" என்றால் "அது கனகாலம்" என்ற பதில்தான் வரும். "இது ஆருக்குக் குடுத்த வீடு, ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். தாய், தாயின் தாய் என்று கதை தானாகப் பின்னுக்குப் போகும்.

ஆண்டு பிடிக்க 1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, கரையோரம் என்றால் 2004 சுனாமி, இவற்றுக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். "சூறாவளிக்கு இந்தக் கூரை நிண்டதா?" என்பது கட்டாயம் கேட்க வேண்டியது. சுவர் பழசு, கூரை புதுசு என்ற வீடுகள் இங்கே உண்டு. சுவரில் துப்பாக்கிச் சூட்டுத் தடயம் இருந்தால் நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒலிப்பதிவு

அனுமதி கேட்டுவிட்டு போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். மடித்த துவாயின் மேல், பேசுகிறவரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் பலகையில் வைத்தால் பக்கத்தில் வெற்றிலை இடிக்கிற சத்தம் முழுக்க ஏறிவிடும். பேச்சு அமுங்கிப் போவதற்கு மின்விசிறிதான் முதற்காரணம். ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

3. வெளிச்சம்

கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை 6.30 முதல் 8 வரை, மேற்குப் பார்த்ததற்குப் பின்னேரம் 4.30க்குப் பிறகு. நடுப்பகலில் இறவாரத்தின் நிழல் திண்ணையை விழுங்கிவிடும். வடக்குச் சுவருக்கு வைகாசி முதல் ஆடி வரை நல்ல காலம். அப்போது உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

4. படம்

எட்டுப் பத்து மீற்றர் பின்னுக்குப் போய், போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். மேலே சாய்த்தால் தூண்கள் உள்ளே விழுந்ததுபோல வரும். 0.5 அகலக்கோணம் வேண்டாம், ஓரத்துத் தூணை இழுத்துவிடும். திரையில் வானத்தை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள். இருட்டாக வந்த திண்ணையைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளிறிய வானத்தை மீட்க ஏலாது.

முகப்பு, நாலு மூலை, கிணறு, குசினி என்று எடுத்தபின் கிட்டப் போங்கள். வாசற்படியின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். அதை மேலிருந்து எடுத்தால் தட்டையாகத்தான் தெரியும். தரையோடு குனிந்து, பக்கவெளிச்சத்தில், ஓரத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் கல்லா, வரிச்சா (கம்பு கட்டி மண் அப்பியதா) என்று பாருங்கள். கழற்றிப் போட்ட ஓடு கிடந்தால் திருப்புங்கள்; கள்ளிக்கோட்டை ஓடென்றால் செய்த இடத்தின் பெயர் பதிந்திருக்கக் கூடும்.

5. பிறகு

கோப்புக்குத் திகதி, ஊர், குடும்பம் சொன்ன வீட்டுப் பெயர் என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். இணையத்தில் போடும்போது இருப்பிடத்தை நீக்குங்கள். பழைய கதவும் தூணும் தேடித் திரிகிற ஆட்கள் இருக்கிறார்கள். முகப்புப் படத்தில் ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன் பின்பக்கம் கதையில் வந்த பெயர்களை எழுதி ஆச்சிக்கு வாசித்துக் காட்டினால் ஒன்றையாவது திருத்துவா. அந்தத் திருத்தத்தையும் கோப்பில் ஏற்றுங்கள்.